அக்காவுக்கான பதில்கள்

ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லிவிடுவேன். கௌரவமாக இருக்கும், மேற்கொண்டு கேள்வியும் வராது. உண்மையில் நான் எதையும் மொழிபெயர்ப்பதில்லை. எந்த நோயாளிக்கு எந்த மொழி, எந்த வார்டு, எத்தனை மணிக்கு என்று பார்த்து ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நியூ ஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டிலிருந்து கிளம்பி, ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு, கம்பத்தில் மாட்டிய டேப்லெட்டை வார்டு வார்டாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். திரையில் ஒரு முகம் வரும். நோயாளி குஜராத்தியில் அழுவார், அந்த முகம் அதை நிதானமான ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொல்லும். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மனுஷிதான். ஆனால் மொழிகளை அவர் மளிகைக்கடை அலமாரியைப் போலப் பார்ப்பார். ஒரு பிராண்ட் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பார். ஒருமுறை மலையாளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என்னையே ஒரு மலையாளி அம்மாவின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, ஒரே குடும்பத்து மொழிதானே என்றார். குடும்பம் ஒன்றுதான். அந்த அம்மா தனக்கு எங்கே, எப்படி வலிக்கிறது என்று சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. பாதி புரிந்ததை வைத்துக்கொண்டு ஒருவர் வயிற்றைக் கிழிக்கச் சொல்ல முடியுமா? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த வருடம் வசந்தத்தில்தான் அவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், நூவர்க் ஏர்போர்ட்டுக்குக் கறுப்பு லிமோ ஓட்டுகிறவர். குரல் கம்மிப்போய் ரொம்ப நாளாகியும் ஏசி காற்று, தூசி என்று தள்ளிப்போட்டிருக்கிறார். தொண்டையில் புற்றுநோய், அதற்குள் நாக்குக்கும் பரவிவிட்டது. ஃபைலில் மொழி என்ற இடத்தில் அஜர்பைஜானி என்று இருந்ததால் அதற்கு ஆள் போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முடிந்து டேப்லெட்டை உருட்டப் போனபோது அவர் தன் ஓட்டை ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார், "அது என் மொழி இல்லை, பள்ளிக்கூடத்து மொழி. என் மொழி புதூக்."

பெயரைக் கேட்டதும் எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஏதோ கிராமம் என்றுதான் தோன்றியது. அஜர்பைஜானின் வடக்கே, காகசஸ் மலை உச்சியில் அவருடைய ஊர். ஊர்ப் பெயர்தான் மொழிக்கும் பெயர். அந்த ஒரு ஊரும், அங்கிருந்து குளிர் தாங்காமல் கீழே இறங்கிவந்த சில குடும்பங்களும்தான் அதைப் பேசுகிறவர்கள். எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் இருக்கிற தமிழர்களை எண்ணினால் அவர்களைவிட அதிகம் தேறுவோம் என்று நினைக்கிறேன். கடிதம் எழுத, கடைப் பலகை எழுத என்று யாரும் அந்த மொழியைப் பழக்கவில்லை. வீட்டில் பேசுவார்கள், அவ்வளவுதான்.

நான் விஷயத்தைச் சொன்னதும் சூப்பர்வைசருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கம்ப்யூட்டரில் தேடி, புதூக்கின் சொந்தபந்தங்களையெல்லாம் கண்டுபிடித்தார். லெஸ்கி, தபசரான், ருதுல், சகூர், கிரிட்ஸ் என்று ஒரு பெரிய குடும்பம். அதில் லெஸ்கிக்கு மட்டும் எங்கோ ஒரு ஏஜென்சியில் ஆள் இருந்தார். உடனே புக் பண்ணச் சொன்னார். எனக்கு மலையாளி அம்மாவின் ஞாபகம் வந்தது. சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சம்பளம் வாங்குகிறவள், புக் பண்ணினேன்.

திரையில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் வந்தார். லெஸ்கியில் என்னவோ கேட்டார். இவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் புதூக்கில் என்னவோ சொன்னார். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமே சோவியத் காலத்தில் படித்த ரஷ்ய மொழிக்குத் தாவிவிட்டார்கள். அதன்பின் பேச்சு அருவியாகக் கொட்டியது. சிரிப்பு வேறு. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். எந்தச் சந்தையில் ஆட்டுக்கறி நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

வெளியே காத்திருந்தபோது லிமோக்காரர் எனக்கு அந்த மொழிக் குடும்பத்தை விளக்கினார். நான் அதை நம் கணக்கில் போட்டுப் புரிந்துகொண்டேன். லெஸ்கி பெரியப்பா வீடு. ஆள்பலம், பத்திரிகை, புத்தகம் எல்லாம் உண்டு, ஏழைச் சொந்தத்தை அடையாளம் தெரியாது. கிரிட்ஸ்தான் ஒட்டிய பங்காளி, பக்கத்து மலைதான். ஆனால் புதூக்குக்காரரும் கிரிட்ஸ்காரரும் சந்தையில் சந்தித்தால் இரண்டு பேரும் அஜர்பைஜானியில்தான் பேசிக்கொள்வார்கள். அது இவர்கள் குடும்பத்து மொழியே கிடையாது, துருக்கிய வகையறா. சொந்தமே இல்லாதது வந்து உட்கார்ந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டுவிட்டது. நாங்கள் டிரைவ் பண்ணு, அப்ளை பண்ணு என்று ஒட்டுவதுபோல அவர்களும் அஜர்பைஜானி வினையை எடுத்துத் தங்கள் சொல் ஒன்றை ஒட்டிக்கொள்வார்களாம். கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஒரு தமிழனும் ஒரு கன்னடக்காரரும் மசாலா தோசையைச் சாப்பிட்டுக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் சொன்னது எதுவும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. சோர்வாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆபரேஷனில் குரல்வளையையும் நாக்கையும் எடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். நாக்கு இருந்தால் கழுத்தில் வைத்துப் பேசும் கருவியைக் கொண்டு சமாளிக்கலாம், இவருக்கு அதுவும் உதவாது. சாப்பாடும் இனி வயிற்றில் போடும் குழாய் வழியாகத்தான். அவருடைய மனைவி பாகு நகரத்துக்காரர், புதூக் ஒரு வார்த்தை தெரியாது. அவர் அழுதார். இவர் அழவில்லை. புதன்கிழமைதோறும் ஊருக்கு ஃபோன் போடுகிறேனே, அக்காவிடம் இனி எப்படிப் பேசுவேன் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். அவள் பக்கத்து ஊர் எடிசனில் வளர்ந்த சென்னைக் குடும்பத்துப் பெண். கெட்டிக்காரி. காரிடாரில் நாலு பேர் முன்னால் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள் என்பதைத் தவிர அவளிடம் எனக்குக் குறை எதுவும் இல்லை.

"ஆன்ட்டி, இவரோட வாய்ஸ இப்பவே ரெக்கார்ட் பண்ணி வெச்சிட்டா, அப்புறம் டைப் பண்ணா அதே வாய்ஸ்ல பேசற மாதிரி பண்ணலாம். பட் அந்த சாஃப்ட்வேர்ல இருக்கற லாங்குவேஜ்ல மட்டும்தான்."

"அவர் பாஷை இருக்குதா கண்ணு?"

"சான்ஸே இல்ல. அஜர்பைஜானி வேணும்னா ட்ரை பண்ணலாம்."

அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அக்கா மலையில் இருக்கிறாள். அவளுக்கும் அஜர்பைஜானி நன்றாகவே தெரியும், ஆனால் அவளிடம் அதில் பேசினால் தாசில்தார் ஆபீசில் பேசுவதுபோல இருக்குமாம். அவள் மகன் கிரிட்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டான். வீட்டில் மாமியாருக்கு ஒரு மொழி, மருமகளுக்கு ஒரு மொழி. இரண்டும் பங்காளி மொழிகள், இருந்தும் பொதுவாக ஓடுவது அஜர்பைஜானிதான். பேரன் பேத்திகளுக்கு வேறெதுவும் தெரியாது. ஊரில் அவள் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவள் மனம்விட்டுப் புதூக் பேசுவது புதன்கிழமை இந்தத் தம்பியிடம் மட்டும்தான். இவருக்கும் அவள் ஒருத்திதான். இன்னொன்றும் சொன்னார். அக்காவுக்கு இதயம் பலவீனம். நோயைப் பற்றி அவளுக்குத் தெரியவே கூடாது.

பயிற்சியாளர் வேறு வழி சொன்னாள். "அப்போ மெசேஜ் பேங்கிங் பண்ணலாம் ஆன்ட்டி. அவருக்கு வேண்டிய சென்டென்ஸ முழுசா அவர் பாஷையிலேயே ரெக்கார்ட் பண்ணிட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பட்டன். ஃபோன் பேசறப்ப அழுத்திக்கலாம். ஆனா அவங்களுக்குத் தெரியாம பண்றது ஒரு மாதிரி சீட்டிங் இல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, பொதுவாக வந்தது. "ஊருக்கு ஃபோன் பண்ணி நாம பேசறதுல எது கண்ணு நெசம்? எங்க அண்ணன் கேட்டா, வேலை நல்லா போகுது, அடுத்த வருசம் வந்துருவோம்னுதான் நானும் சொல்றேன். பட்டன் மட்டுந்தான் இல்ல."

அவள் ரெக்கார்டிங்குக்கு அறையைப் புக் பண்ணினாள்.

வழக்கமாக இந்த வேலைக்கு ஒரு தயார்ப் பட்டியல் உண்டு. எனக்கு வலிக்கிறது, நர்ஸைக் கூப்பிடுங்கள், திருப்பிப் படுக்க வையுங்கள் என்று போகும். அவர் அதைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் புதூக்கில் சொன்னால் எந்த நர்ஸ் வருவாள் என்று கேட்டார். நியாயம்தான். அக்கா என்னென்ன கேட்பாள் என்று யோசிக்கச் சொன்னோம். யோசிக்கவே இல்லை, மடமடவென்று கொட்டிவிட்டார். சாப்பிட்டாயா? இது எப்போதும் முதல் கேள்வி, சின்ன வயதிலிருந்தே. அப்புறம் அங்கே குளிரா, பாகுக்காரி எப்படி இருக்கிறாள், இன்னும் அந்தக் கறுப்புக் காரைத்தான் ஓட்டுகிறாயா, எப்போது வருவாய். பிறகு மருமகளைப் பற்றிய புகார். அது முடிய நேரமாகும், அதற்கு நடுநடுவே ம் கொட்டினால் போதும்.

எவ்வளவு கொஞ்சம், என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க இரண்டு பேர் பேசுகிற பேச்சு இவ்வளவுதானா? என் அண்ணனும் நானும் பேசுவதைக் கூட்டினால் இதைவிடக் குறைவாக வந்தாலும் வரும். என் மகனிடம் நான் தமிழில் கேட்டால் அவனுக்கு எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும், அதுவும் ஒற்றைச் சொல்லில். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எதற்கென்றே தெரியாமல் கண் கலங்கியது.

ரெக்கார்டிங் அன்று அவருடைய குரல் மோசமாக இருந்தது. வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினார். அர்த்தம் எங்களுக்குத் தெரிய வேண்டுமே, ஒவ்வொன்றையும் பேசியபின் ஆங்கிலத்தில் சொல்லுவார். குளிர்தான், ஆனால் உன் ஊர் அளவுக்கு இல்லை. பாகுக்காரி நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டுவதில் குறை வைக்கவில்லை. கார் ஓடுகிறது. அடுத்த கோடையில் வருகிறேன். உன் மருமகள் தங்கமான பெண், அவளை விடு. அப்படியா! பிறகு? ஆமாம். இல்லை. லைன் சரியில்லை, கத்திப் பேசு. சும்மா ஒரு இருமல். ஒரு சிரிப்பு. சிரிப்புதான் வரவே இல்லை. பயிற்சியாளர் தன் ஃபோனில் ஏதோ பூனை வீடியோவைக் காட்டினாள், அப்போதும் வரவில்லை. கடைசியில் அந்த லெஸ்கிக்காரரை ஞாபகப்படுத்தினேன். வெடித்துச் சிரித்தார், அதைப் பிடித்துக்கொண்டோம்.

சாப்பிட்டேன் என்பதைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனார். அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை சுருக்கமாக, ஒரு தடவை வயிறு நிறைந்தவர் சொல்வதுபோல. ஆட்டுக்கறி, ரொட்டி, நிறையச் சாப்பிட்டேன் அக்கா, என்றார். ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டார். எழுத்தே இல்லாமல் பொத்தான்களுக்கு எல்லாம் படம் வைத்தோம். காருக்குக் கார், குளிருக்குப் பனி, இதற்கு ஒரு தட்டு.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நன்றாக என்பது டாக்டர்களின் சொல். அவர் இளைத்துப்போய், கழுத்தில் துளையோடு, வயிற்றில் குழாயோடு வந்து உட்கார்ந்தபோது பார்க்க முடியவில்லை. எங்களோடு டைப் பண்ணிப் பேசினார். இங்கே காலை என்றால் அங்கே மாலை, அதனால் புதன்கிழமை ஃபோனைப் பயிற்சி நேரத்திலேயே வைத்துக்கொண்டோம். அக்காவை இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மனைவியிடம் கேட்டேன். சளி, குரல் போய்விட்டது, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவைத்தாராம்.

முதல் ஃபோன் அன்று எனக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் போய் ஃபோனுக்குப் பின்னால் நின்றேன். மனைவி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது. அக்காவின் குரல் வந்தது, என்ன சத்தமான குரல்! மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் கூப்பிடுகிற குரல். என்னவோ கேட்டாள். அவர் அழுத்தினார். டேப்லெட்டிலிருந்து அவருடைய பழைய குரல் புதூக்கில் பேசியது. அக்கா ஒரு நொடி பேசவில்லை. பிறகு அடுத்ததைக் கேட்டாள், அவர் அடுத்ததை அழுத்தினார். இடையில் இருமல் சரியான இடத்தில் விழுந்தது. அவள் நீளமாக என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், அவர் பிறகு என்பதையும் அப்படியா என்பதையும் மாற்றி மாற்றி அழுத்தினார். வைத்ததும் பயிற்சியாளர் கை தட்டினாள். நானும் தட்டினேன். அவர் மட்டும் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் புதன்கிழமைகள் பழகிவிட்டன. நானும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த நேரத்துக்குப் போய்விடுவேன். ஒரு சொல்கூடப் புரியாத பேச்சைக் கேட்பதற்கு எனக்கு அப்படி ஒரு ஆசை. அந்த வாரத்தில் அது ஒன்றுதான் உருப்படியான வேலையாகத் தோன்றும். என்ன ஆச்சரியம், ஒரு தடவைகூட மாட்டிக்கொள்ளவில்லை. அவள் கேட்கிறாள், பதில் இருக்கிறது. திரும்பக் கேட்கிறாள், அதற்கும் இருக்கிறது. எங்கள் பட்டியல் எவ்வளவு கச்சிதம் என்று நானும் பயிற்சியாளரும் பெருமைப்பட்டுக்கொண்டோம். சூப்பர்வைசர் வேறு எல்லோரிடமும் சொல்லிப் பாராட்டினார்.

இலையுதிர்காலம் வந்தபோது பட்டியலைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்று பயிற்சியாளர் கேட்டாள். குரல் போய்விட்டாலும் பழைய ரெக்கார்டிங்குகளிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டிப் புதிதாகச் சில பதில்கள் செய்யலாம் என்றாள். அக்கா என்ன கேட்டு உங்களிடம் பதில் இல்லாமல் போயிற்று, சொல்லுங்கள், அதைச் செய்து தருகிறோம் என்றோம். அவர் தலையை ஆட்டினார். டைப் பண்ணினார்.

"அப்படி எதுவும் இல்லை. என்னிடம் பதில் இருக்கிறதை மட்டும்தான் அவள் கேட்கிறாள்."

புரியாமல் பார்த்தேன். அவர் மறுபடியும் விரலை வைத்தார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"முதல் நாள் சமாளிக்க லைன் சரியில்லை என்பதை அழுத்தினேன், அது பலிக்கவில்லை. அக்கா நான் பேசும்போது நடுவில் புகுந்து பேசுவாள், நானும் அப்படித்தான். அன்று நான் புகவில்லை. குரல் போய்விட்டது என்று மனைவி இத்தனை நாள் சொன்னபோதே தொண்டையில் ஏதோ பெரிதாக என்று சந்தேகப்பட்டிருப்பாள், அன்று உறுதியாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அதைத் தாண்டிக் கேட்பதே இல்லை."

"உங்களிடம் சொன்னாரா, தெரியும் என்று?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். பிறகு டைப் பண்ணினார்.

"எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் முதலில் கேட்பது ஒன்றுதான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள்கூட நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஏமாற்றிவிட்டோம் என்று கை தட்டியது எங்கள் முட்டாள்தனம். பயிற்சியாளரின் கண்ணில் நீர் நின்றது, பாவம், சின்னப் பெண். அதை மறைக்க உடனே வேலையில் இறங்கினாள்.

"ஆன்ட்டி, அப்போ அந்தத் தட்டு பட்டன எடுத்துடலாமான்னு கேளுங்க. ஸ்க்ரீன்ல இடமாவது மிச்சமாகும்."

நான் கேட்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. உள்ளங்கையை விரித்து டேப்லெட்டின் மேல் அந்த இடத்தை மூடிக்கொண்டார். பிறகு மறு கையால் டைப் பண்ணினார்.

"இருக்கட்டும். அவளுக்கும் வயதாகிறது. என்றைக்காவது மறந்துபோய்க் கேட்டுவிட்டால்?"